வண்டன்மேட்டிலிருந்து வந்த பிறை

செப்டம்பர் 14, சனி

நிலாவைப் பற்றி எழுத எனக்கு என்ன தெரியும். இருந்தாலும் பர்வீன் டீச்சர் சொல்லிவிட்டார். வகுப்பில் சேர்ந்தவர்கள் எல்லாரும் நிலா எங்கே நிற்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, வானம் எப்படி என்று எழுதி வைக்க வேண்டுமாம்.

"மத்த சங்கதியும் எழுதலாமா டீச்சர்?"

"உங்க இஷ்டம்மா. நான் வாங்கிப் பாக்கப் போறதில்ல."

வாங்கிப் பார்க்கப் போவதில்லை என்றால் யார் ஒழுங்காக எழுதுவார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சின்னப் பெண், அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சர், சனிக்கிழமை சாயங்காலத்தை எங்களைப் போன்ற கிழடுகளுக்காகச் செலவு செய்கிறது.

நான் இதில் சேர்ந்த கதை சின்னது. போடி நூலகத்துக்குத் தொலைநோக்கி வாங்க ஏலக்காய் வியாபாரிகளிடம் வந்து கேட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் என்று போனால் பத்து பேர் பெயர் பலகையில் வரும். நானே முழுசாக வாங்கித் தருகிறேன், என் கடைப் பெயரை மட்டும் போடுங்கள் என்றேன். வாங்கிக் கொடுத்த பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். அங்கே வகுப்பு நடந்தது. உட்கார வைத்துவிட்டார்கள்.

பொருள் நன்றாகத்தான் வேலை செய்கிறது. நிலா முக்கால்வாசி வளர்ந்திருக்கிறது. வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார் டீச்சர். அங்கே குழி குழியாக, ஒவ்வொரு குழியின் ஒரு பக்கத்தில் நிழல். கல் விழுந்த குழிகளாம். சிலது நம்ம தேனி மாவட்டத்தை விடப் பெரிசாம். நம்பத்தான் வேண்டும்.

கடைக்கு வந்து சுருளியிடம் சொன்னேன். "குழியில தண்ணி கெடக்கா மதினி?" என்றான். சுருளிவேல் என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் போனபோது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. நான் அப்போது மண்டியில் தட்டின் முன்னால் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள். பொறுக்குக்காரி ராமுத்தாய் இன்றைக்கு ஏலக்காய் வியாபாரி ராமுத்தாய் ஆனதில் பாதி உழைப்பு அவனுடையது. அதை மறுக்க மாட்டேன்.

அதனால்தான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வருகிற விஜயதசமியன்று கடையில் சரிபாதியை அவன் பெயருக்கு எழுதப் போகிறேன். வக்கீலிடம் சொல்லியாயிற்று. அவனிடம் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் சீசன் நேரத்தில் வேலையில் கை தளர்ந்துவிடும்.

செப்டம்பர் 15

நிலா இருந்தது. வானம் சுத்தம். ராஜாக்காட்டிலிருந்து லோடு வந்ததால் ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

செப்டம்பர் 18, பௌர்ணமி

ஆசையாகப் போனேன். ஏமாற்றம். முழு நிலாவைத் தொலைநோக்கியில் பார்த்தால் வெள்ளைத் தட்டு மாதிரி சப்பென்று இருக்கிறது. போன வாரம் பார்த்த குழி ஒன்றையும் காணோம். கண் கூசியதுதான் மிச்சம்.

"வெளிச்சம் நேரா முகத்துல அடிக்குதும்மா. நிழலே விழாது. நிழல் இல்லேன்னா மேடு பள்ளம் தெரியாது. நிலாவைப் பாக்கணும்னா பௌர்ணமிதான் மோசமான நாள்" என்றார் டீச்சர்.

இது எனக்குப் புரிந்தது. நேர் மேலே டியூப் லைட்டைப் போட்டுக் காயைக் கொட்டிக் காட்டுகிறவனிடம் நான் வாங்குவதில்லை. சன்னலோரம் சாய்ந்த வெளிச்சத்தில் வைக்கச் சொல்வேன். அப்போதுதான் சுருக்கமும் பூச்சி ஓட்டையும் கண்ணில் படும். இதை டீச்சரிடம் சொன்னேன். "அடுத்த பேட்சுக்கு இதையே சொல்லிடறேன்" என்று சிரித்தார்.

செப்டம்பர் 21, சனி

நிலாவில் கறுப்பாகத் தெரிகிற இடங்களுக்குக் கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பழைய காலத்தில் எரிமலைக் குழம்பு பொங்கி வழிந்து இறுகிய பாறை. யாரோ முதலில் தப்பாகப் பார்த்துப் பெயர் வைத்ததை இன்னும் யாரும் மாற்றவில்லை.

இன்னொன்றும் சொன்னார். நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறதாம். முதுகுப் பக்கத்தைப் பூமியிலிருந்து ஒருத்தரும் பார்த்ததில்லை, விண்கலம் போய்ப் படம் எடுத்த பிறகுதான் தெரிந்ததாம். எப்படி என்று காட்ட என்னை எழுப்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரைச் சுற்றி வரச் சொன்னார். முகத்தை அவர் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் நானும் ஒருமுறை திரும்பியிருப்பேனாம். தலை சுற்றியது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சுருளி டெல்லி பார்சலுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். நம்ம சரக்கில் பெரும்பங்கு டெல்லி வியாபாரி மித்தலுக்குத்தான் போகிறது. அவரோடு இந்தியில் பேசுவது, பேரம் பேசுவது எல்லாம் சுருளி. எனக்கு இந்தி வராது.

"விஜயதசமிக்கு எதும் யோசிச்சிருக்கீங்களா மதினி?" என்று தலை நிமிராமல் கேட்டான்.

"என்னத்த யோசிக்க? பொரி, கடலை, ஆளுக்கு ஒரு சட்டைத் துணி. வருஷா வருஷம் பண்றதுதான?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு. பையனுக்கு வாசனை பிடித்துவிட்டதோ என்று சந்தேகம். அதனால்தான் கூடக் கொஞ்சம் விறைப்பாகப் பேசினேன்.

செப்டம்பர் 25

காலையில் மண்டி வாசலில் நின்று பார்த்தால் மேற்கே மலைக்கு மேல் பாதி நிலா. பட்டப்பகலில். இத்தனை வருஷம் இந்த வாசலில் நின்றிருக்கிறேன், பகல் நிலாவை நின்று பார்த்ததில்லை.

ஏலத்தில் சுருளி ஒரு லாட்டைக் கூடுதல் விலைக்கு எடுத்துவிட்டான். பாதிக் காய் வெளுப்பு. ரெண்டு வார்த்தை சொன்னேன். வியாபாரத்தில் சொல்லத்தான் வேண்டும். மத்தியானம் சாப்பிட வரவில்லை, வளர்மதி உடம்பு சரியில்லை என்று கூப்பிட்டாளாம். வளர்மதி அவன் பெண்டாட்டி, நல்ல பிள்ளை.

செப்டம்பர் 28, சனி

இன்றைக்குப் பாடம் பிரமாதம்.

கட்டை விரலை மூக்குக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். பிறகு மறு கண். விரல் சுவரில் இடம் மாறுகிறது. விரல் மாறவில்லை, பார்க்கிற இடம்தான் மாறியது. இதே போல நிலாவை, தள்ளித் தள்ளி இருக்கிற ரெண்டு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் பார்த்தால், பின்னால் இருக்கிற கிரகத்தையோ நட்சத்திரத்தையோ ஒட்டி அது கொஞ்சம் இடம் மாறித் தெரியும். எவ்வளவு மாறியது, ரெண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம், இந்த ரெண்டும் தெரிந்தால் நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். ராக்கெட் வேண்டாம். விஞ்ஞானி வேண்டாம். போன் போதும்.

வருகிற சனிக்கிழமை பிறைக்குப் பக்கத்தில் வெள்ளி நிற்குமாம். சாயங்காலம் ஆறரைக்கு நாங்கள் இங்கிருந்து எடுக்க வேண்டும். வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது அதே நேரத்தில் அங்கிருந்து எடுத்து அனுப்ப வேண்டும். ஒருத்தருக்குச் சென்னையில் மகன், ஒருத்தருக்குப் பெங்களூரில் மருமகள். என் மகள் கோயம்புத்தூரில்தான், ஆனால் அவளுக்கு அந்த நேரம் டூட்டி.

"எங்க கொழுந்தன் மலை மேல வண்டன்மேட்டுல இருப்பான்" என்றேன்.

"பறந்து போனா முப்பது கிலோமீட்டர் வருமாம்மா? பத்தாது. ரெண்டு படமும் அச்சு அசலா ஒண்ணு போலத்தான் இருக்கும். பரவாயில்ல, பழக்கத்துக்கு எடுங்க."

அக்டோபர் 2, மகாளய அமாவாசை

நிலா கிடையாது. சுருளித் தீர்த்தத்துக்குப் போய் வந்தோம். எனக்கு மகன் இல்லாததால் அவன் அண்ணனுக்குச் செய்ய வேண்டியதை வருஷா வருஷம் சுருளிதான் செய்கிறான். அருவிக்குக் கீழே நின்று எள்ளும் தண்ணீரும் விட்டான். நனைந்த வேட்டியோடு வந்து என் முன்னால் நின்று, "முடிஞ்சுது மதினி" என்றான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. குளிர் என்று நினைத்துத் துண்டைக் கொடுத்தேன்.

பாதி கொடுப்பது சரிதான். இன்றைக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அக்டோபர் 3

சுருளி வண்டன்மேட்டுக்குக் கிளம்பினான். தோட்டம் தோட்டமாகப் போய்க் காய் பார்த்து முன்கூட்டியே பேசி வைக்கிற வேலை. எப்போதும் தோள்பையோடு போகிறவன் இன்று சக்கரம் வைத்த பெட்டியோடு வந்தான்.

"என்னடா, மலைக்குப் போறதுக்குப் பெட்டி?"

"பை ஜிப்பு அறுந்துருச்சு மதினி."

படம் எடுக்கிற விஷயத்தைச் சொன்னேன்.

"நிலா எல்லா ஊருக்கும் ஒண்ணுதான மதினி. நீங்க எடுத்தா பத்தாதா?"

"வீட்டுப்பாடம்டா. டீச்சர் பெஞ்சு மேல ஏத்திரும்."

"நீங்க பெஞ்சு மேல நிக்கிறதப் பாக்கவாச்சும் நான் எடுக்காம இருக்கணும்" என்றான். ஆனாலும் என் எதிரிலேயே போனில் சனிக்கிழமை ஆறரைக்கு அலாரம் வைத்தான். சொன்னால் செய்கிற பிள்ளை.

அக்டோபர் 5, சனி

மேற்கே மலை இருப்பதால் பிறை சீக்கிரம் ஒளிந்துகொள்ளுமோ என்று பயந்தேன். இல்லை. நூலக மாடியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. மெல்லிசான பிறை, ஓடம் மாதிரி கொஞ்சம் சாய்ந்து மிதந்தது. இடது பக்கத்தில் வெள்ளி, பிறையை விடப் பளிச்சென்று. பிறையின் மீதி வட்டமும் மங்கலாகத் தெரிந்தது. அது பூமியில் பட்ட வெயில் திரும்பிப் போய் நிலாவில் விழுகிற வெளிச்சமாம். நம்ம வெளிச்சம்தான் அங்கே போய் விழுகிறது.

என் படம் ஆடாமல் வந்திருக்கிறது. ஆறரைக்கு எடுத்தேன். மூச்சுவிடுவதற்குள் சுருளியுடையதும் வந்துவிட்டது. கூடவே குரல் செய்தி: "மதினி, வண்டன்மேட்டுப் பிறை அனுப்பிருக்கேன். பத்துக்குப் பத்து வாங்கிருங்க." பின்னால் ஒரே ஹாரன் சத்தம். சனிக்கிழமை, தோட்டத்து ஜீப் நெரிசல் போல.

மற்றவர்களின் சொந்தக்காரர்களில் ஒருத்தர் மறந்துவிட்டார், இன்னொருத்தருக்கு மேகம். என் ஆள் சரியாக அனுப்பினான் என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளி விட்டதும் டீச்சர் நூலகத்துக்கு வரச் சொன்னார். ஒவ்வொருத்தர் படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு அளந்துகொண்டிருந்தார். நிலாவின் முழு வட்டம் மங்கலாகத் தெரிவதால் அதுதான் அளவுகோல். வெள்ளிக்கும் நிலாவின் விளிம்புக்கும் நடுவில் எத்தனை நிலா வைக்கலாம் என்று பார்ப்பது.

என் படத்தில் ஒரு நிலா வைக்கலாம். சுருளி படத்தில் அரை நிலாதான் வைக்கலாம்.

டீச்சர் மறுபடி அளந்தார். அதேதான்.

"என்னம்மா இது, உங்க கணக்குப்படி நிலா ஏழாயிரம் கிலோமீட்டர்ல இருக்கு. அமெரிக்காவே அதைவிட தூரம்" என்று சிரித்தார்.

"போனைச் சாய்ச்சுப் பிடிச்சிருப்பான்" என்றேன். அவன் படத்தில் பிறை நம்ம ஊரில் பார்த்ததை விட ரொம்பச் சாய்ந்து, ஒருக்களித்து இருந்தது.

"சாய்ச்சா படம் முழுசும் சேந்து சாயும். நிலாவுக்கும் வெள்ளிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மாறாதும்மா."

"லேட்டா எடுத்திருப்பான்."

"அரை நிலா நகரணும்னா அரை மணி, ஒரு மணி நேரம் ஆகணும். படம் எப்ப வந்துச்சு?"

என் போனை நானே பார்த்தேன். ஆறு முப்பத்தொன்று. பார்க்காமலே தெரியும்.

டீச்சருக்கு இது விளையாட்டாகிவிட்டது. பென்சிலை எடுத்தார். "சரி, திருப்பிப் போட்டுப் பாப்போம். நிலா எவ்வளவு தூரம்னு உலகத்துக்கே தெரியும். அது சரின்னு வச்சுக்கிட்டா, இந்தப் படத்தை எடுத்தவர் எங்க நின்னாருன்னு வரும்ல?" வேகமாக எழுதினார். நிலா சாய்வாக இருந்ததற்கு ஏதோ கூட்டிக் கழித்தார். "அவர் படத்துல நிலா தெற்கால தள்ளியிருக்கு. அப்படின்னா அவர் நமக்கு வடக்கால இருக்கார். நேர் வடக்கு. ரெண்டாயிரம் கிலோமீட்டர், முன்ன பின்ன இருக்கலாம்." வரைபடத்தில் போடியிலிருந்து நேர் மேலே விரலை ஓட்டினார். "டெல்லி வருது. பிறையும் அங்க இப்படித்தான் சாஞ்சு தெரியும். உங்க கொழுந்தன் நம்மள நல்லா ஏமாத்…"

என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"என் கணக்குல தப்பு இருக்கலாம்மா" என்றார்.

"இருக்காது டீச்சர்" என்றேன்.

படி இறங்கும்போது அந்தக் குரல் செய்தியை மறுபடி கேட்டேன். வண்டன்மேட்டில் அவ்வளவு வண்டி கிடையாது.

வண்டன்மேட்டில் யாருக்காவது போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால் நாளைக்கே மண்டி முழுக்கப் பரவும். மித்தலைக் கேட்கலாம். எனக்கு இந்தி வராது. இந்த ரெண்டையும் அவனும் யோசித்திருப்பான் என்பதுதான் மனசுக்கு ஆறவில்லை.

அக்டோபர் 8

மேகம். தெரிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 9, புதன்

மத்தியானம் வந்தான். தோளில் ரெண்டு சாம்பிள் பை, கையில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலம். மலையிலிருந்து வந்த மாதிரி இருக்கட்டும் என்று அதைக் குமுளி பஸ் ஸ்டாண்டில் வாங்கியிருப்பான். ஆட்கள் போகட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். அவனே பேச்சை ஆரம்பித்தான். மலையில் மழை, காய் உலரவில்லை, காய் உலர்த்துகிற ஸ்டோரில் விறகு நனைந்துபோச்சு, அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார். ஒவ்வொன்றும் நம்புகிற மாதிரிதான். இவ்வளவு நேர்த்தியாகப் பேசுகிற ஆளை வெளியில் பார்த்திருந்தால் நானே வேலைக்கு வைத்திருப்பேன்.

"டெல்லியிலயும் மழையா?" என்று கேட்டேன்.

தராசில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டான்.

"யாரு சொன்னா?"

"நீதான் அனுப்புன."

ரெண்டு படத்தையும் காட்டினேன். டீச்சர் சொன்னதை எனக்குத் தெரிந்தமட்டும் சொன்னேன். கடைசிவரை கேட்டான். அவன் எதையும் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வான்.

"இருபது வருசமா எங்கடா போன, என்னடா வாங்குன, ஏன்டா லேட்டு. கடைசியில வானத்துலயும் ஆள் போட்டுட்டீங்களே மதினி" என்றான். சிரிக்கவும் செய்தான்.

"என்ன வேலையாப் போன?"

"மித்தல் தீபாவளி ஆர்டர் எனக்குத் தர்றாரு. வளர்மதி பேர்ல கடை பதிஞ்சாச்சு."

"என் சரக்கு போற இடம் அது."

"உங்க சரக்கு. நான் பேசுன இந்தி."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். பொரிகடலைன்னீங்க."

அவன் விடவில்லை. "அன்னைக்கு அந்த வெளுப்புக் காய்க்கு ஆளுங்க முன்னாடி என்ன சொன்னீங்க? உங்க அண்ணனுக்குத்தான் கண்ணு அவிஞ்சிருந்துச்சு, உனக்குமாடான்னு கேட்டீங்க. எங்கண்ணன் செத்து இத்தன வருசம் ஆச்சு மதினி. அவருக்கு நான்தான எள்ளுத்தண்ணி விடுறேன்."

அப்படிச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் காய் வெளுப்புதான்.

"எள்ளுத்தண்ணி விட்ட மறுநாள் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்க" என்றேன்.

"அன்னைக்கு அருவியில சொல்லிரலாம்னுதான் வந்தேன். துண்டக் கொடுத்துட்டு ஜீப்புக்கு நேரமாச்சுன்னுட்டீங்க."

சாவிக்கொத்தைக் கேட்டேன். வீட்டில் இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன் என்றான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றான். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றான் போல.

என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. இன்னும் மூன்றே நாள், பாதிக் கடை உனக்கு. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பான், அவனை எனக்குத் தெரியும். டெல்லிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருப்பான். அப்படி வருகிறவன் கடைக்காக வருகிறானா, எனக்காக வருகிறானா என்று நான் செத்தாலும் தெரியாது. வாயைத் திறக்கவில்லை.

சிப்ஸ் பொட்டலத்தை வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

தராசு, சல்லடை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். காய் பொறுக்கும் தட்டுக்காரிகளுக்குச் சேலை. சாவிக்கொத்து வளர்மதி கையில் வந்தது. கண் வீங்கியிருந்தாள். "அக்கா, நான் சொல்லிப் பாத்தேன்" என்றாள். எதைச் சொல்லிப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. பொரி கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மேலே பாதிக்கு மேல் வளர்ந்த நிலா. குழியெல்லாம் நன்றாகத் தெரிகிற நாள். பார்க்கவில்லை.

அக்டோபர் 12, விஜயதசமி

வக்கீல் போன் செய்தார். "எத்தனை மணிக்கும்மா வர்றீங்க? நல்ல நேரம் போயிரும்" என்றார். தேவைப்படாது, கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் காரணம் கேட்கிற ஆள் இல்லை. நல்ல வக்கீல்.

சாயங்காலம் கடைசி வகுப்பு. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். தொலைநோக்கி கொடுத்தவள் வராமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று போனேன். டீச்சர் எல்லாருடைய கணக்கையும் பலகையில் எழுதினார். சென்னைப் படம் ஆடிவிட்டது. பெங்களூர் மருமகள் கால் மணி தாமதமாக எடுத்திருக்கிறாள். அவர்கள் கணக்கில் நிலா எங்கெங்கோ போய்விட்டது.

என் பெயருக்கு நேரே மட்டும் காலியாக விட்டிருந்தார். மெதுவாகக் கிட்டே வந்து, "வேண்டாம்னா விட்டுடலாம்மா" என்றார்.

விடுவானேன். படம் நல்ல படம்.

"ரெண்டாவது ஊர் டெல்லின்னு போடுங்க டீச்சர். நான் விசாரிச்சுட்டேன், டெல்லிதான்."

எழுதினார். மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர். வகுப்பிலேயே உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது என்னுடையதுதான். எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் விளக்கம் சொன்னார். ரெண்டு பேரும் நல்ல தூரத்தில் இருந்தார்கள், சொன்ன நேரத்துக்கு எடுத்தார்கள், அதனால்தான் இவ்வளவு சரியாக வந்தது.

"எடுத்தவர் பேரும் போடணும்மா."

"சுருளிவேல்" என்றேன்.

அவனுக்கும் ஒரு தடவை கைதட்டினார்கள். சென்னை மகனைப் பெற்றவர் என் பக்கம் திரும்பி, "குடுத்து வச்சவங்க நீங்க. எம் மகனுக்கு ஒரு போட்டோ ஒழுங்கா எடுக்கத் துப்பில்ல" என்றார்.

அக்டோபர் 16, புதன்

ஏல மையத்தில் கூட்டம். தீபாவளிக்கு முந்திய வாரங்கள் இப்படித்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். சாம்பிள் பொட்டலங்கள் கைமாறி வருகின்றன. புதுச் சட்டையோடு சுருளி வந்தான். வியாபாரியாக அவனுக்கு முதல் நாள். எல்லாரும் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார்கள். காலியாக இருந்தது என் பக்கத்து இருக்கைதான். உட்கார்ந்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து லாட் போனது. எதிலும் அவன் கை வைக்கவில்லை. பிறகு ஒரு பெரிய லாட்டின் சாம்பிள் வந்தது. நல்ல பச்சை, பருவட்டுக் காய், பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். டெல்லிக்காரர்கள் கேட்கிற மாதிரிக் காய். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான். பொட்டலத்தை மெதுவாக என் பக்கம் நகர்த்தினான்.

"மதினி. இது எப்படி?"

வேண்டுமென்று கேட்கவில்லை. அவனுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. இந்த ஹாலில் நாங்கள் எப்போதும் அப்படித்தான். கண்ணுக்கு அவன், பல்லுக்கு நான். கேட்ட பிறகு முகம் சிவந்துவிட்டது. ஆனால் கையை இழுக்கவில்லை.

ஒரு காயை எடுத்து உடைத்தேன். விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கடித்தேன். ஈரம். சரியாக உலர்த்தாமல் அவசரத்தில் கொண்டுவந்த காய். மூட்டை கட்டி டெல்லி போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். மித்தல் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

"நல்ல காய். எடு" என்றேன்.

ஏலம் கேட்டான். அவனுக்கு நம்பிக்கை வரட்டும் என்று நானும் ஒரு தடவை ஏற்றிவிட்டேன். அவன் மேலே போனான். நான் விட்டுவிட்டேன். லாட் அவன் பெயருக்கு விழுந்தது.

"கோவம் இல்லையே மதினி?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

பொட்டலம் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் பிரிந்து கிடந்தது. உள்ளே இன்னும் ஒரு கைப்பிடிக் காய் இருந்தது. அவனும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்திருக்கலாம். கை எட்டுகிற தூரம்தான்.

பார்க்கவில்லை. நான் சொன்னேன், வாங்கிவிட்டான்.